உள்ளே இருக்கிற ஆள்

சேஷாத்ரியிடம் யாராவது ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். விசாவா, வீட்டுக்கடனா, எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது என்றா, எதற்கும் அவரிடம் பதில் உண்டு. 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லி மெல்பர்னின் கிரான்பர்ன் பகுதியில் ஒரு ஆளும் கேட்டதில்லை. அதைப் பெரிய குற்றம் என்றும் சொல்லமுடியாது. கரூரிலிருந்து மாணவனாக வந்து, டாக்ஸி ஓட்டிப் படித்து, ஒரு மின்சாரக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவர். நாலு பேர் தேடி வந்து கேட்டால் சந்தோஷம் வராதா என்ன?

அந்தக் கம்பெனியின் பேர் இப்போது எதற்கு? மெல்பர்னுக்குக் கிழக்கே மலைப்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கரண்ட் கொண்டுபோனது அதுதான். கம்பிக்குப் பக்கத்தில் வளரும் மரங்களை எந்த மாதம், எந்த ஆளை வைத்து வெட்டுவது என்று அட்டவணை போடுகிற வேலை சேஷாத்ரிக்கு.

மூன்று கோடைக்கு முன்னால், ஜனவரியில் ஒரு மத்தியானம், காற்றில் இரண்டு கம்பிகள் உரசித் தீப்பொறி கொட்டியது. கீழே காய்ந்த புல். பொழுது சாய்வதற்குள் இருபத்திரண்டு வீடுகள் சாம்பல். நல்லகாலம், உயிர் ஒன்றும் போகவில்லை. அந்தக் கம்பி வரிசை சேஷாத்ரியின் அட்டவணையில் இல்லை, பக்கத்து மேசைக்காரருடையது. செய்தி வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு, 'அப்பாடா' என்றார். அந்த 'அப்பாடா'வை நினைத்துப் பிறகு பல நாள் கூசிப்போனார்.

எரிந்த இருபத்திரண்டில் ஒன்று மகேந்திரராஜாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது. பதினெட்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிச் சேர்த்த பணத்தில் எட்டு ஏக்கர் வாங்கி, அவரும் மனைவி யோகாவும் ஸ்ட்ராபெரி போட்டிருந்தார்கள். வீடு, பழம் அடுக்கும் கொட்டகை, டிராக்டர் எல்லாம் போய்விட்டது. புருஷனும் பெண்சாதியும் எரிந்த நிலத்திலேயே ஒரு பழைய கேரவனை நிறுத்திக் குடியிருந்தார்கள்.

அடுத்த வருஷம் கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் கடிதம் வந்தது. கேட்ட நஷ்டஈட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தருகிறோம், இருபத்தெட்டு நாளைக்குள் கையெழுத்துப் போடுங்கள், அதன்பிறகு பேச்சில்லை என்று. வீடு இழந்தவர்கள் சேர்ந்து வைத்திருந்த வழக்கறிஞர்களும் நாற்பது பக்கத்துக்கு ஒரு விளக்கம் அனுப்பியிருந்தார்கள். நாற்பது பக்கத்தை யார் படிப்பது? நம் ஆட்களுக்குத்தான் ஒரு பழக்கம் உண்டே. காசு கொடுத்து வைத்த வக்கீல் ஒரு பக்கம் கிடக்க, கோயிலில் பார்க்கிற தெரிந்த மனுஷரிடம் போய் யோசனை கேட்பது.

அன்னதான வரிசையில், கையில் காகிதத் தட்டோடு கேட்டார் மகேந்திரராஜா.

"அண்ணை, நீங்கள் உள்ளுக்கை இருக்கிற ஆள். சொல்லுங்கோ, கையெழுத்து வைக்கவோ, விடவோ?"

வரிசையில் முன்னும் பின்னும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேஷாத்ரி முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"கையெழுத்து போடாதீங்க ராஜா. முதல் ஆஃபர் எப்பவுமே கம்மியாத்தான் இருக்கும். பொறுத்திருந்தா முழுசா வரும். இவ்ளோ பெரிய கம்பெனி, எங்க ஓடிடப் போகுது?"

"ஓம், அதுவும் சரிதான்," என்றார் மகேந்திரராஜா. முகம் தெளிந்து சாம்பார் சாதத்தை வாங்கிக்கொண்டு போனார்.

இனி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் மரம் வெட்டுகிற ஒப்பந்தக்காரர் சேஷாத்ரிக்கு ஃபோன் பண்ணி, மூன்று மாதமாக ஒரு சென்ட் வரவில்லை, உங்கள் கம்பெனிக்கு என்னதான் ஆயிற்று என்று கத்தியிருந்தார். கம்ப்யூட்டர் கோளாறு என்று சமாளித்து வைத்தார் சேஷாத்ரி. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை அந்த வரிசையில் நின்று சொல்லியிருக்கலாம். 'ராஜா, எனக்கு நிச்சயமா தெரியல, வக்கீலைக் கேளுங்க' என்றாவது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு, அது மட்டும் வரவில்லை.

பதினைந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், பணத்தை வாங்கினார்கள். ஒன்பது மாதம் கழித்துக் கம்பெனி கையை விரித்தது. திவாலைக் கவனிக்கிற நிர்வாகிகள் வந்து கணக்கு வழக்கையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். சேஷாத்ரிக்கு வேலை போனது. ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தில் ஊழியர்களுக்கு முன்னுரிமை உண்டு. பத்தொன்பது வருஷத்து விடுப்புப் பணம், வேலையிழப்புத் தொகை, எல்லாம் அவருக்கு முழுசாக வரும் என்று கடிதம் வந்தது.

மனைவி விமலா சாமி படத்துக்கு முன்னால் அந்தக் கடிதத்தை வைத்தாள். "நீங்க உழைச்ச காசுங்க. ஏன் திருடிட்டு வந்த மாதிரி முழிக்கிறீங்க?"

"ராஜாவுக்கு என்ன கிடைக்கும்னு தெரியலையே."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் விமலா. அவளிடமும் அவர் அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபோனைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

பணம் வர வேண்டியவர்களின் கூட்டம் ஒரு கிளப் மண்டபத்தில் நடந்தது. மகேந்திரராஜா கூப்பிட்டிருந்தார், அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் விளங்காது, பக்கத்தில் இருங்கள் அண்ணை என்று. வாசல் மேசையில் ஊழியர்களுக்குப் பச்சை அட்டை, மற்றவர்களுக்கு வெள்ளை. மகேந்திரராஜா தன் வெள்ளை அட்டையையும் சேஷாத்ரியின் பச்சையையும் மாறி மாறிப் பார்த்தார். சேஷாத்ரி அட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

மேடையில் ஒருவர் வரிசையைப் படித்தார். அடமானம் வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளும் ஊழியர்களும் முதலில். தீயில் இழந்தவர்கள் கடைசியில், அச்சகத்துக்காரர், கார் வாடகைக்காரரோடு ஒன்றாக. டாலருக்கு ஒன்பது சென்ட் கிடைக்கலாம்.

"என்ன சொல்லுறார் அண்ணை?"

சேஷாத்ரி சொன்னார். ஒன்பது என்ற சொல்லை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மகேந்திரராஜா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்ததும் யோகாவுக்கு ஃபோன் பண்ண வெளியே போனார்.

சேஷாத்ரி பின்னாலேயே போனார். கார் நிறுத்துமிடத்தில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினார். "எனக்கு அப்பவே தெரியும் ராஜா. காசு இல்லாம திண்டாடுறாங்கன்னு அந்த வாரமே தெரியும். தெரிஞ்சுதான் உங்களைக் கையெழுத்து போடாதீங்கன்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. பெரிய ஆள் மாதிரி பேசணும்னு தோணிச்சு, பேசிட்டேன்."

"நான் மட்டுமெண்டால் பரவாயில்லை அண்ணை," என்றார் மகேந்திரராஜா. "எங்கட ரோட்டில இன்னும் ஆறு வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கேல்லை. நான் சொல்லித்தான். அவையள் அந்தா என்ர வானுக்கை இருக்கினம்."

சேஷாத்ரி வான் பக்கம் திரும்பினார். "நான் வந்து சொல்லிடறேன். உங்க மேல தப்பில்லன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம். ஒண்டும் சொல்லாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

கேட்டாரா மனுஷர்? காதிலேயே விழவில்லை. விறுவிறுவென்று வானை நோக்கி நடந்தார். முன் சீட்டில் இருந்தவள் பெவர்லி, மகேந்திரராஜாவின் பக்கத்து நிலத்துக்காரி, குதிரைகள் வளர்த்தவள். கண்ணாடியை இறக்கி, படிவங்களுக்கெல்லாம் உதவி செய்கிறீர்களாமே, மிகவும் நன்றி என்றாள்.

"நன்றி வேண்டாம்," என்றார் சேஷாத்ரி இங்கிலீஷில். "கையெழுத்துப் போடாதே என்று ராஜுக்குச் சொன்னது நான். நான் கம்பெனியில் வேலை பார்த்தவன். அவர் மேல் பிழையில்லை."

பெவர்லி அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்து நின்ற மகேந்திரராஜாவைப் பார்த்தாள்.

"நம்முடைய வக்கீல் சொன்னதாக அல்லவா சொன்னாய் ராஜ்?"

மகேந்திரராஜா தலையைக் குனிந்துகொண்டார். பெவர்லி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் ஏசவில்லை. மெயின் ரோட்டுப் பக்கம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தீக்குப் பிறகு மூன்று வருஷம் ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த சனங்கள்.

மகேந்திரராஜா திறந்து கிடந்த கதவை இழுத்துச் சாத்தினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"இப்ப உங்களுக்கு ஆறுதலா இருக்கோ அண்ணை?"

உண்மையைச் சொல்வதானால், ஆமாம், சேஷாத்ரிக்கு இருந்தது.