குமிழி நடுவில் நிற்கும்வரை

ரசமட்டத்தை இடுப்பு வாரின் மேல் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்கிறார் டைல்ஸ் மேஸ்திரி. அவருக்குக் கலவை போட்டுத் தரும் அவர் மனைவி குனிந்து, கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் காற்றுக் குமிழியைப் பார்க்கிறார்.

"நடுவுலதாங்க இருக்கு."

"கோட்டைத் தொடலையே? நல்லாப் பாரு."

"தொடல. மூச்ச விடுங்க."

அவர் மூச்சை விட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் வேலை தொடங்கும். ஐந்து வாரமாகத் தினமும் காலையில் இதே பரிசோதனை. முதல் நாள் ஏதோ விளையாட்டு என்று சிரித்தேன். விஷயம் தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அவருடைய இடது தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவது நின்றுவிட்டது. எலும்பு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டியிருக்கிறார். எலும்பின் தலை இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறது. இப்போதே வந்தால் துளை போட்டுக் காப்பாற்றிப் பார்க்கலாம். அமுங்கிவிட்டால் கால் குட்டையாகி இடுப்பு சாயும்; அந்த வழியும் அடைபட்டுவிடும், இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டியதுதான். இவ்வளவையும் கேட்டுவிட்டு மனிதர் என்ன சொன்னாராம் தெரியுமா? "சார், உங்க விளக்குப் பெட்டி வலப் பக்கம் ரெண்டு நூல் இறங்கியிருக்கு."

அப்படிப்பட்ட கண். சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. போட்ட தரையை ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுப்பார். ஒரு கல் பொக்கென்று ஒலித்தால் போதும், பெயர்த்துவிடுவார். "உடையும்போது பாத்துக்கலாம்னு விடக் கூடாது சார். அடியில காலியா இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கே எடுத்துடணும்."

"அப்போ உங்க இடுப்பு?"

"அதான் தினம் பாக்கறேனே, குமிழி நகரலையே. உங்க வீடு முடியட்டும்" என்பார். பிறகு குரலை இறக்கி, "மூட்டு மாத்திட்டா குத்த வச்சு உக்காரக் கூடாதாம் சார். குத்த வைக்காம தரை போட்டவன் எவன் இருக்கான்?" என்று கேட்பார். அவர் பயப்படுவது அந்த மூட்டுக்கு. தள்ளிப் போடப் போட அதை நோக்கித்தான் நொண்டிக்கொண்டு போகிறார்.

அவர் மனைவி ஒன்றும் வாதாடுவதில்லை. எக்ஸ்ரே படத்தைத் துணிப்பையில் போட்டுத் தினமும் வேலைக்குக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் மாட்டுகிறார். எந்த நிமிஷம் மனசு மாறினாலும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடலாமே! குமிழி நகர்கிற நாளில் எலும்பு அமுங்கியே போயிருக்கும் என்று அந்த அம்மாவிடம் டாக்டர் தனியாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவும் அதைக் கணவரிடம் சொல்லிவிட்டார். இவர் கேட்காத மாதிரி கலவையைக் கிளறினாராம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் அழுத்திச் சொல்லவில்லை. அவர் படுத்துவிட்டால் வீடு பாதியில் நிற்குமே என்ற சுயநலம்தான்.

நேற்றுக் காலை குனிந்த அம்மா நிமிரவே இல்லை.

"நடுவுல இல்லைங்க."

"ஒழுங்காப் பாரு."

"வலப் பக்கம் கோட்டைத் தாண்டிடுச்சு."

"தரை வாட்டமா இருக்கும்."

அவரே போட்ட தரை அது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, தான் நின்ற இடத்திலேயே ரசமட்டத்தை வைத்தார். குமிழி இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் நின்றது. அதையே வெகுநேரம் பார்த்தார். மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது.

எழுந்ததும், பக்கத்தில் கிடந்த உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைக் காலால் இழுத்து இடது குதிகாலுக்கு அடியில் கொடுத்துக்கொண்டார். ரசமட்டம் மறுபடி இடுப்புக்கு ஏறியது.

"இப்பப் பாரு."

அந்த அம்மா குமிழியைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, ஒரு கையால் அவர் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி, மறு கையால் அந்தத் துண்டை உருவி எடுத்தார்.