வாசலில் வேப்பிலை

எங்கள் வீட்டில் அக்காவைப் பெண் பார்க்க வருவது அரசாங்க ரகசியம் போலக் காக்கப்பட்டது. நிச்சயம் ஆகும்வரை அக்கம்பக்கத்தில் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது அம்மாவின் சட்டம். மந்தைவெளியில் எங்கள் மாடியில் இருந்ததே இரண்டு வீடுகள். எதிர்வீட்டு ஆன்ட்டியோடு அம்மா தினமும் இரண்டு மணி நேரம் பேசுவாள்; இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவாள்.

ஒன்பது வயதிலேயே எனக்கு இந்த மர்மமெல்லாம் அலுத்துப்போயிருந்தது. வாசனை வெளியே போகக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு பஜ்ஜி போடுவாள், வீடெல்லாம் புகை. இந்த லட்சணத்தில், பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல் நாள் அக்கா என்னைத் தனியாக இழுத்துப்போனாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு வராங்கன்னு ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லிட்டு வா. அம்மாவுக்குத் தெரியக்கூடாது."

போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் நாலு மணி ஆயிற்று, நாலரையும் ஆயிற்று. ஆறிப்போன பஜ்ஜியைக்கூட அம்மா தொடவிடவில்லை. ஐந்து மணிக்குப் பிள்ளையின் அம்மா போன் செய்தார். வாசல்வரை வந்தவர்கள், கதவில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்த்து அப்படியே திரும்பிவிட்டார்களாம்.

"வீட்ல அம்மை போட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! இப்பவே மறைக்கிறீங்க. இந்த இடம் எங்களுக்கு வேண்டாங்க."

எதையுமே மறைத்துப் பழகிய அம்மாவுக்கு, மறைக்காத விஷயத்தில் கெட்ட பெயர்.

கதவைத் திறந்தால் நிஜமாகவே ஒரு கொத்து வேப்பிலை. "யாருகிட்டடி உளறின?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அக்கா பெயரைச் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளோ பஜ்ஜித் தட்டை எடுத்து வைக்க உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் அம்மா நேராக எதிர்வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். நாங்களும் பின்னாலேயே போனோம். ஆன்ட்டி அம்மாவைக் கட்டிக்கொண்டு, "எந்தப் பாவி பண்ணாளோ, அவ கை விளங்காமப் போக!" என்று சபித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் உயிரை வாங்கினாளோ, அவளிடமே போய்ச் சொல்கிறாளே! அப்புறம் எனக்கு மட்டும் எதற்கு அடி?

அக்காவின் மனதில் வேறொருவர் இருந்தார் என்பதும், அது எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு மட்டும் தெரியும் என்பதும் எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. அன்றைக்கு, அழுகிற அம்மாவை விட்டுவிட்டு அக்கா ஏன் ஆன்ட்டியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுகிறாள் என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.