பூட்டிய அறைக்குள் ஒரு குரல்

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. புக்கிட் காத்திலில் பெரியம்மா வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: பெரியம்மா, அவர் மகளான அக்கா, நான். பெரியப்பா இல்லை. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலையில் இருந்தார். உள்ளே போகும்முன் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வேலை முடியும்வரை அவரைப் பிடிக்க முடியாது.

நான் ஊடக உளவியலில் ஆய்வு செய்கிறேன். கைப்பேசியில் வருவதை மனிதர்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதுதான் தலைப்பு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். எல்லாருக்கும் பெருமை, என்ன படிக்கிறேன் என்றுதான் யாருக்கும் புரியவில்லை. "போன் பாக்குறதுக்கெல்லாம் படிப்பா? அப்படின்னா உங்கக்கா எப்பவோ டாக்டராயிருப்பா" என்று பெரியம்மா அன்றும் கிண்டல் செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு அழைப்பு வந்தது.

பேசிக்கொண்டே அறைக்குள் போனவர் கதவைப் பூட்டிக்கொண்டார். "யா துவான், யா துவான்" என்று, 'சரிங்க ஐயா' என்பதை மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லும் அவர் குரல் மட்டும் வெளியே கேட்டது. அக்கா கதவைத் தட்டினார். பெரியம்மா உள்ளிருந்தபடியே பதில் சொன்னார்.

"அப்பா பேர்ல கேஸ் இருக்காம். போலீஸ் பேசுறாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம், போங்கலா."

கிளேபாங் சாலையோரத்தில் பெரியம்மா நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்று, அக்கா கல்யாணத்துக்காகச் சேர்த்த பணம் முழுவதும் அந்தக் கைப்பேசி வழியாகத்தான் போகும், வரும். பெரியப்பாவுக்கு அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேசுவது ஏமாற்றுக்காரன் என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினேன். பயந்துபோனவர் காதில் ஒரு குரல்தான் ஏறும், மறுத்துப் பேசுகிறவன் எதிரியாகிவிடுவான் என்று நானே ஆய்வில் எழுதியிருக்கிறேன். இருந்தும் கத்தினேன். உள்ளே அவர் கார்டு எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார்.

ஹாலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். பிறகு அக்காவிடம், வாதாட வேண்டாம், தினமும் செய்கிற ஏதாவது வேலைக்குக் கூப்பிடுங்கள் என்றேன். அக்கா சாமி மேடையைப் பார்த்தார்.

"அம்மா, விளக்கு வெக்கிற நேரமாயிருச்சு. நான் இன்னிக்குத் தொடக்கூடாது."

அது பொய் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் விளக்கேற்றாமல் இருந்ததே இல்லை. உள்ளே எண்களை வாசிப்பது நின்றது. பிறகு "துவான், செக்கஜாப்" என்று போலீஸையே காத்திருக்கச் சொல்லிவிட்டு பெரியம்மா வெளியே வந்தார். தீக்குச்சி உரச இரண்டு கையும் வேண்டும். கைப்பேசியை மேடை ஓரத்தில் வைத்தார். நான் எடுத்து அணைத்தேன்.

திரி பிடித்து எரிந்த பிறகுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, "காசு போயிருச்சாய்யா?" என்றார். உடனே வங்கியைக் கூப்பிட்டு கார்டை முடக்கினோம். பணம் போகவில்லை. வேலை முடிந்து வந்த பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜெயில்ல எனக்குச் சோறாச்சும் போடுவாங்களாமா?" என்றார். பெரியம்மா சிரிக்கவில்லை.

பயத்தைவிடப் பழக்கத்துக்கு இழுப்பு அதிகம் என்று இப்போது ஆய்வுக் கூட்டங்களில் நிதானமாகச் சொல்கிறேன். ஆனால் யாராவது கைப்பேசியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், என் கால்கள் தாமாகவே எழுந்துவிடுகின்றன. அன்று எங்களுக்கு ஆன செலவு என்னவோ புதுக் கார்டுக்கு வங்கி பிடித்த பன்னிரண்டு ரிங்கிட்தான்.