ஒன்பதாம் டப்பாவில் பதினாலாம் ரீல்

பிள்ளைகளா, தூத்துக்குடியில் ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே என் வேலை போகப் பார்த்தது. காரணம் ஒரு டிரெய்லர்.

அப்போது டிரெய்லர் உள்ளங்கை அகலச் சுருளாக வரும். ஒரு பாட்டு, ஒரு சண்டை, ‘விரைவில்’ என்ற எழுத்து. கதை என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. இடைவேளைக்குப் பிறகு ஓடும் ஒன்பதாம் ரீலின் முன்னால் அதை ஒட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகாததால் மேட்னி ஹவுஸ்புல். அவசரத்தில் டப்பா மூடியில் 9 என்று பார்த்து, உள்ளே இருந்த ரீலில் ஒட்டிவிட்டேன். முந்தின நாள் ரீல்களை டப்பா மாற்றி வைத்தவனும் நானே.

இடைவேளைக்கு முன் கதாநாயகன் தாலி கட்டினான். டிரெய்லர் முடிந்ததும் அவன் சவப்பெட்டியில் கிடந்தான். ஓடியது பதினாலாம் ரீல், கடைசி ரீல்.

கீழே இருந்து சத்தம் வந்தது. “ஏலே ஆபரேட்டர், இப்பதான தாலி கட்டுனான். அதுக்குள்ள பொதைக்கப் போறியா?”

முதலாளி மாடியேறி வந்தார். “கிளைமாக்ஸக் காட்டிட்டியே. இனி எவன் உக்காந்து பாப்பான்? ஆள் எந்திரிச்சுப் போனா நீயும் பின்னாலயே போயிரு.”

மெஷினை நிறுத்திவிட்டு ஓட்டை வழியே பார்த்தேன். வாரம் தவறாமல் புன்னைக்காயலில் இருந்து வந்து முன் வரிசையில் உட்காரும் அந்தோணி அண்ணாச்சி எழுந்து நின்றார். போச்சு என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“செத்தது தெரிஞ்சு போச்சு. எப்படிச் செத்தான்னு பாக்கணும்லா? ஒழுங்கா ஓட்டுலே.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் போகவில்லை. முதலாளி இறங்கிப் போனார்.

இப்போது படம் ஹார்டுடிஸ்க்கில் வருகிறது. டிரெய்லர் அதற்கு முன்பே போனில் வந்துவிடுகிறது. போன வாரம் என் மகள் ஒன்று காட்டினாள். இரண்டரை நிமிடத்தில் காதல், கல்யாணம், துரோகம், கடைசியில் யார் யாரைக் குத்துகிறான் என்பது வரை இருந்தது.

“ஏளா, டப்பா மாறிப் போச்சா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா, இப்ப எல்லாம் இப்படித்தான். சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு.”

“முடிவுதான் தெரிஞ்சிட்டே?”

“எப்படின்னு பாக்கணும்லா?”

அன்று நான் செய்த தப்பை இன்று சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். ஆனாலும் நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும், மூடியில் உள்ள நம்பரை நம்பாதீர்கள். பிலிமின் நுனியை இழுத்து, அதில் உள்ள நம்பரைப் பாருங்கள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அந்தோணி அண்ணாச்சி வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.