கெங்கம்மாளும் ஒற்றை ஈயக் குண்டும்

புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கடைவாய்ப் பல்லால் கடித்துப் பார்க்கிறாள் கெங்கம்மாள். விரிசல் விட்டால் அடுப்புக்கு. பல்லுக்கு மசியாவிட்டால் துப்பாக்கிக்கு. "த்தூ, சொத்தக் கொட்ட" என்று துப்பிவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். மடியில் சின்ன மேடாகச் சேர்ந்துவிட்டது. இன்று சாயங்காலம் துப்பாக்கிக்குள் போகப்போகிறவை அவைதாம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருடம் நாங்கள் திருநின்றவூருக்கு வந்து சேர்ந்தோம். ஏரிக்கரைக்குக் கீழே வாடகைக்குக் கிடைத்த வீட்டுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவர்களை முதல் நாள் காலையிலேயே ஒரு வெடிச் சத்தம்தான் எழுப்பியது. என் அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வேலிக்கு மேலே ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"பயந்துட்டீங்களா? ஜப்பான்காரன் இல்ல, நான்தான். உப்பு போட்டுப் பாத்தேன்."

குள்ளமான உருவம். வலது புருவம் பாதிதான் இருக்கும். மீதியை வெடிமருந்து பொசுக்கிவிட்டது. அது வளர்வதற்குள் அடுத்த சோதனை வந்துவிடும். துப்பாக்கி அவளுடைய நைனாவுடையது. குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்து, பின்னால் கேப்பு மாட்டி வெடிக்கிற பழைய சாமான். பயிர்க் காவலுக்கென்று சர்க்கார் கொடுத்த லைசென்சு, ஆண் வாரிசு இல்லாததால் ஒரே மகள் பெயருக்கு மாறியது. பெரியப்பா மகன் துலுக்கானத்துக்கு அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

சண்டை வந்ததிலிருந்து வெடிமருந்து கொஞ்சம் கிடைக்கிறது. ஈயம் கண்ணில் படுவதே இல்லை. "மனுசன் மனுசனச் சுட ஈயம் கீது, நான் பன்னியச் சுட இல்லியா?" என்று கேட்கிறாள். ஏரியில் வலை போடுகிறவர்களிடம் போய் வலையில் கட்டுகிற ஈயத்தைக் கேட்டுப் பார்த்தாள். "இத்தக் குடுத்துட்டா மீனக் கையக் காட்டியா கூப்பிடறது?" என்று விரட்டிவிட்டார்கள். அதன் பிறகுதான் வீட்டில் உள்ள ஒவ்வொரு பண்டத்தையும் அவள் துப்பாக்கிக்காரியின் கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள்.

சோதனை நடக்கும் விதம் இது. ஒரு பழைய முறத்தில் சாணியை வழித்துப் பூசிப் பனைமரத்தில் மாட்டுவாள். தோளில் மடித்த கோணிச் சாக்கு. வெடித்ததும் புகை கலையும்வரை பொறுக்கமாட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முறத்தை நோக்கி ஓடுவாள். "வா, வா, பட்டணத்தம்மா! சீக்கிரம் வந்து பாரு!" எனக்கும் கால் நிற்காது. இரண்டு பேரும் மூச்சிரைக்க முறத்தின் முன்னால் நிற்போம்.

உப்பு, சாணியில் ஒரு தழும்புகூட வைக்கவில்லை. "கூட்டமாக் கெளம்பும், போய்ச் சேராது. கிட்டக்க வர்ர மாட்டுக்கு மட்டும்தான் ஆவும்." புளியங்கொட்டை சாணியில் அழகாகப் பதிந்து நின்றது, முறத்தைத் தாண்டவில்லை. "தைக்கும், தொளைக்காது. பன்னிக்கு சுரீர்னு ஒரு அடி, அவ்ளோதான்." ஆவடி சைக்கிள் கடையில் வாங்கிய சக்கரத்துக்குள் உருளும் இரும்புப் பால்ஸ் முறத்தைச் சல்லடையாக்கின. அவள் துள்ளிக் குதித்தாள். ஆனால் அதில் ஒன்று எங்கோ சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பானையை உடைத்திருந்தது. குழலின் உட்புறத்திலும் கீறல். "காலிப் பசங்க! ஒண்ணு போற வழியில இன்னொண்ணு போவாது" என்று அவற்றைத் தள்ளிவைத்தாள். முறம் வீணாகவில்லை. இப்போது அதில்தான் வேர்க்கடலை மண்ணைச் சலிக்கிறாள்.

அவள் கணவர் வீரராகவன் ரயில் பாதையில் வேலை செய்கிறவர். பகலெல்லாம் எஞ்சின் ஊதுவதைப் பக்கத்தில் நின்று கேட்கிற மனிதர், மனைவி முறத்தை மாட்டினால் காதைப் பொத்திக்கொள்வார், கண்ணையும் மூடிக்கொள்வார். "அந்த ஆளுக்கு ரயிலு ஓடுனா தாலாட்டு. என் துப்பாக்கி இருமுனா ஜொரம்" என்பாள்.

சில நாள் மாலையில் நான் இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த சண்டைச் செய்திகளைத் தமிழில் சொல்வேன். எந்த ஊர் விழுந்தது, யார் பின்வாங்கினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. "அந்தக் குண்டு எவ்ளோ பெரிசு? உள்ள இன்னா வெச்சு அடைக்கிறான்?" என்று மட்டும் கேட்பாள்.

ஈயத்தில் அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு குண்டு, நைனா உருக்கி வார்த்தது. சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே கிடக்கும். அதை மட்டும் முறத்தில் சோதித்ததில்லை. "ஈயம் பரவாது, சுத்தாது. நேராப் போயி ஒரே ஒரு பேச்சு பேசும். நைனா சுட்டதப் பாத்துகினுதானே வளந்தேன்!"

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். பாக்கு வெட்டிக்கு அவளிடம் பொறுமை கிடையாது. முழுக் கொட்டைப்பாக்கை ஒரு கன்னத்தில் அதக்கி, அது ஊறி இளகும்வரை வைத்திருப்பாள். துப்பாக்கி கெட்டிக்கும்போது இரண்டு கையும் வேலையாக இருப்பதால் குண்டுக்கும் இடம் வாய்தான். "கீழ வெச்சா மண்ணுல உருண்டுடும். வாயில கீறதுதான் பத்திரம்."

போன வருடம், கோரைப்பல் ஒன்று உடைந்த ஒற்றைக் கொம்புக் காட்டுப்பன்றி ஒன்று அவளுடைய கடலையில் பாதியைத் தோண்டித் தின்றுவிட்டது. இந்த வருடம் விதைத்ததுமே துலுக்கானம் கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டான்.

"இந்த வாட்டியும் பன்னி வந்து மேஞ்சிச்சின்னா துப்பாக்கிய எனக்கு எழுதிக் குடுத்துடறியா?"

"குடுத்துடறேன் அண்ணாத்தே. மேயலன்னா அந்தப் பேச்ச இன்னோரு வாட்டி எடுக்கக்கூடாது."

செடி பூத்து, காய் பிடிக்கும்வரை புளியங்கொட்டை காவல் காத்தது. பிறகு பன்றிக்குப் பழகிவிட்டது.

கடலை பிடுங்க ஆள் சொல்லியிருந்த நாளின் விடியற்காலையில் நானும் அவளோடு போனேன். அந்த ஒரு காலையைக் கடந்துவிட்டால் கடலை களத்துக்கு, துப்பாக்கி அவளுக்கு. கள்ளி வேலி ஓரம் பனியில் நனைந்தபடி உட்கார்ந்தோம். "உள்ளே என்ன?" என்று மெல்லக் கேட்டேன்.

"கொட்டதான். சாயங்காலமே கெட்டிச்சிட்டேன். உள்ள போனத வெளிய எடுக்க முடியாது, சுட்டுத்தான் தீக்கணும். ஈயத்தப் போட்டுட்டு எவன் ஊட்டு மாடாவது வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்?" கன்னத்தில் பாக்கு புடைத்துத் தெரிந்தது.

கிழக்கே வெளுக்கும் நேரத்தில் செடிகள் அசைந்தன. முதலில் முதுகு மட்டும் தெரிந்தது, அப்புறம் ஒற்றைக் கொம்பு. அவள் சுட்டாள். பன்றி ஈ மொய்த்ததுபோல உடம்பை ஒருமுறை சிலுப்பிவிட்டு மறுபடி மண்ணில் மூக்கை நுழைத்தது.

"பாரு, துளிகூட கூச்சமில்லாம துன்றான்!"

சுருக்குப்பையைப் பிரித்தாள்; ஈயக் குண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மருந்தைக் கொட்டினாள். தேங்காய் நாரைத் திணித்து இடித்தாள். அந்தச் சத்தத்துக்குப் பன்றி தலையைத் தூக்கியது. ஓடவில்லை. எங்கள் பக்கமாகத் திரும்பி இரண்டு எட்டு வைத்தது. கெங்கம்மாள் குழலின் மேல் குனிந்து, வாயிலிருந்ததை உள்ளே உமிழ்ந்து, கம்பியால் ஒரு இடி இடித்து, கேப்பை மாட்டி, தோளில் ஏற்றினாள். அதற்குள் அது கொம்பைச் சாய்த்துக்கொண்டு பாய்ந்துவிட்டது.

வெடித்தது. புகைக்குள்ளிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு வீறிடல் வந்தது. பன்றி அப்படியே சுழன்று திரும்பி, வேலியைப் பிய்த்துக்கொண்டு, ஏரிப் பக்கத்து முட்புதருக்குள் ஓடி மறைந்தது. அந்த வீறிடல் தேய்ந்துகொண்டே போய் நின்றது. நான் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

சத்தம் கேட்டு, கடலை பிடுங்க வந்தவர்களுக்கு முன்னால் துலுக்கானம் ஓடி வந்தான். செடிகளைப் பார்த்தான், ஒரு பாத்தியின் ஓரம் மட்டும் கிளறியிருந்தது. வேலிவரை குனிந்து தேடிப் போனான்.

"ஒரு சொட்டு ரத்தம் இல்லியே கெங்கா?"

"ஈயம் உள்ளாறவே பூந்துகினு கீது. ரத்தம் எப்படி வெளிய வரும்?"

"நெசமாவே ஈயமா?"

"பின்ன? கொட்டக்கா அந்தக் கத்து கத்தும்? இந்தப் பட்டணத்தம்மாவக் கேளு!"

நான் பலமாகத் தலையாட்டினேன். அவன் தோள் துண்டை எடுத்து உதறினான். "ஈயம் ஈயம்தான், ஒத்துக்கறேன். துப்பாக்கி ஒன்கிட்டயே இருக்கட்டும். இனிமே கேக்கமாட்டேன்" என்று சொல்லி வரப்பில் உட்கார்ந்தான். "ஒரு வெத்தல குடு."

கெங்கம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு, வெற்றிலையையும் சுண்ணாம்பையும் எடுத்து அவனிடம் நீட்டினாள். "நைனா ஒண்ணு வார்த்தா ஒம்பது எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே கன்னத்திலிருந்த பாக்கைக் கடைவாய்க்குத் தள்ளி அழுத்திக் கடித்தாள்.

தாடை அப்படியே நின்றுவிட்டது. மெல்ல என் பக்கமாகத் திரும்பி உள்ளங்கையில் துப்பினாள். கருப்பாக, உருண்டையாக, ஒரு பல் பதிந்த பள்ளத்தோடு கிடந்தது நைனா வார்த்த ஈயக் குண்டு. அவள் அதைப் பார்த்தாள். குழலின் வாயைப் பார்த்தாள். பன்றி ஓடிய முட்புதரைப் பார்த்தாள். பாதிப் புருவம் நெற்றிக்கு ஏறியது.

பின்னாலிருந்து துலுக்கானம் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு கையை நீட்டினான். "பாக்கு எங்க?"

கெங்கம்மாள் குண்டை மறுபடியும் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து இறுக்கினாள்.