ஆடிட்டுக்குச் சொல்லும் பதில்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் வேலை பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் மில் எனக்குக் கொடுத்தது முட்டி வலியும் வாயும்தான். வெளிநாட்டுக் கம்பெனிகள் எங்கள் நூலை வாங்குவதற்கு முன்னால், மில்லில் ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று ஆடிட் பண்ண ஆள் அனுப்பும். அன்று காலையில் எல்லோருக்கும் புது மாஸ்க் கொடுப்பார்கள். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மற்ற பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. தூசி இருக்கா? இல்லை சார். மாஸ்க் குடுக்காங்களா? தினமும் குடுக்காங்க சார். உடம்புக்கு ஏதாவது? ஒரு குறையும் இல்லை சார். இதைச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். நான் பழக்கிய பெண்கள் ஒருத்திகூடத் தடுமாறியதில்லை என்று சூப்பர்வைசர் சொல்வார். வெட்கமில்லாமல் அதில் நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வாயை நம்பித்தான் தெருக்காரர்கள் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் எக்ஸ்ரே மெஷினோடு ஒரு சாயங்கால அரசு ஆஸ்பத்திரி திறக்கப்போகிறார்களாம். அதை எந்தப் பக்கம் வைப்பது என்று ஏழை ஜனங்களையும் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். எங்களுக்கு அது பெரிய விஷயம். இப்போது இருக்கிற ஆஸ்பத்திரியில் காலையில்தான் சீட்டு கொடுப்பார்கள், காலையில் நாங்கள் மில்லில் நிற்போம்.

அடுத்த வீட்டு மதினிக்காகத்தான் நான் அவ்வளவு துடித்தேன். சொந்தம் கிடையாது, வாய் நிறைய மதினி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. எங்கள் மில்லிலேயே வேலை. மாசக்கணக்காக இருமிக்கொண்டிருந்தாள். லீவு போட்டுவிட்டு வா, காட்டிவிட்டு வரலாம் என்றால் கேட்கமாட்டாள்.

“இருமுதேன்னு தெரிஞ்சா வீட்ல ரெஸ்ட் எடும்மான்னு அனுப்பிருவாக. பொறவு கூப்பிடவா போறாக?” என்பாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. அப்படிப் போன இரண்டு பேரை எனக்கே தெரியும்.

கூட்டத்துக்குக் கட்டிக்கொள்ளக் கிறிஸ்மஸுக்கு எடுத்த தன் சேலையைக் கொடுத்தாள். “எல்லாத்தையும் சொல்லிரு. என் பேரை மட்டும் சொல்லாத” என்றாள். சொன்னேன். பஞ்சுத் தூசியை, இருமலை, காலை ஷிப்ட்டை, ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா நல்ல மனுஷி. ஒருமுறைகூடக் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். “வியாழக்கிழமை நாங்களே உங்க தெருவுக்கு வர்றோம். மத்தவங்களும் இதைச் சொன்னா போதும்” என்றார். பஸ்ஸில் திரும்பும்போது ஆஸ்பத்திரியே கட்டி முடித்த மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை.

தெருவில் வந்து, வியாழக்கிழமை ஆபீசர்கள் வருகிறார்கள், எல்லோரும் இருங்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்லத் தோன்றவில்லை. அன்று ஷிப்ட் முடிந்தும் என்னை மட்டும் ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்கள்.

வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல் என்று நாலு பேர் தெருவில் நின்றார்கள். ஆடிட்காரர்களும் அப்படித்தான் வருவார்கள். எங்கள் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆடிட் அன்று வாங்கி அவரவர் வீட்டு பீரோவில் கிடந்த மில் மாஸ்க்குகள் எல்லோர் முகத்திலும் இருந்தன. மதினி முதல் ஆளாக நின்றாள். இருமல் வராமலிருக்கக் கன்னத்தில் கற்கண்டை ஒதுக்கியிருந்தாள்.

“தூசி இல்லை மேடம். தினமும் மாஸ்க் குடுக்காங்க. ஒரு குறையும் இல்லை மேடம்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

“நீங்க அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே?”

மதினியை இழுத்து நிறுத்தி, இருமு மதினி, இவர்கள் முன்னால் இருமு என்று சொல்லியிருக்க வேண்டும். தெருமுனை டீக்கடையில் சூப்பர்வைசரின் தம்பி கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மதினி என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்றாத” என்று காதோரம் சொன்னாள்.

“நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன் மேடம்” என்றேன்.

அவர் ஃபைலை மூடினார். அவர் முகத்தில் கோபமில்லை. சாயங்கால ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடிக்குப் போனது. அங்கே இருப்பவர்களுக்கும் தேவைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்கள் கஷ்டத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், போய்ச் சேருவதற்குள் பூட்டிவிடுவார்கள்.

ஆறு மாசத்தில் மதினி மெஷின் பக்கத்திலேயே விழுந்தாள். வாயிலிருந்து ரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கட்டிலில் குச்சியாகக் கிடந்தவளிடம் ஒரு சின்ன வயசு டாக்டர், வேலை செய்கிற இடத்தில் தூசி உண்டா என்று கேட்டார். மதினி சிரித்த முகமாக்கிக்கொண்டாள்.

“தூசி இல்லை சார். தினமும் மாஸ்க் குடுக்காங்க சார்.”

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

டாக்டரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். தூசியை, எத்தனை மாச இருமல் என்பதை, ஆடிட் அன்றைக்கு மட்டும் கொடுத்த மாஸ்க்கை. இந்தத் தடவை எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்தார்.

“இதை ஆறு மாசத்துக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டார்.