மீன் முட்டைக்காகச் சொன்ன பொய்

எங்கள் சித்தப்பா மனிதர்களோடு பேசியதைவிட மீன்களோடு பேசியதுதான் அதிகம். திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். சித்தி வைத்த காபி ஏடு கட்டிப் போயிருக்கும். தொட்டியில் இருந்தவை சுண்டுவிரல் அளவுக்குமேல் வளராத குட்டை சிக்லிட் மீன்கள். சென்னையிலிருந்து பாலித்தீன் பையில் அடைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அவற்றைக் குஞ்சு பொரிக்க வைப்பது பெரும்பாடு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் இட்ட முட்டைகள் பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாகச் செத்துப்போயின. அப்புறம் மழைத் தண்ணீரைப் பிடித்து, காய்ந்த பாதாம் இலைகளை ஊறப்போட்டு, தொட்டியையே டீத்தண்ணி நிறத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த முட்டைகள் நன்றாகத்தான் இருந்தன. சமையற்கட்டில் ஒரு எவர்சில்வர் குடம் உருண்ட சத்தத்தில் தாய் மீன் மிரண்டு, அத்தனையையும் தானே தின்றுவிட்டது. சித்தப்பா அன்று சாப்பிடவில்லை.

மறுபடி முட்டையிட்டது ஆடி மாதத்தில். தாய் மீன் மஞ்சளாக நிறம் மாறி, கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சிக்குள் முட்டைகளை ஒட்டிவிட்டு, ஆண் மீனை விரட்டியடித்து, துடுப்பால் விசிறியபடி காவல் இருந்தது. நாங்கள் பூனைபோல நடந்தோம். சித்தி பாத்திரங்களைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய்க் கழுவினாள்.

ஆடிப்பூரத்தன்று காலையில் மைக்செட்காரர்கள் வந்து, எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ்களை அடுக்கினார்கள். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டைப் போட்டதும் தொட்டித் தண்ணீர் நடுங்கியது. தாய் மீன் வெளியே பாய்ந்தது, திரும்ப உள்ளே போனது, ஒரு முட்டையை வாயில் கவ்வியது. சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

விழாவை நடத்தும் பெரியவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மீன் முட்டைக்காக அம்மன் பாட்டை நிறுத்தச் சொன்னால் அவர்கூட அடுத்த ஆடி வரைக்கும் சிரிப்பார். அது சித்தப்பாவுக்கும் தெரியும்.

"அண்ணே, பாக்ஸக் கொஞ்சம் அந்தாண்ட வைங்கண்ணே. வூட்ல..." எங்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "வூட்ல மாசமா இருக்குது. அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு."

பெரியவர் முகமே மாறிவிட்டது. "இத்த மொதல்லயே சொல்ல மாட்டியா? டேய், ஜல்தி தூக்குங்கடா."

பாக்ஸ்கள் தெருக்கோடிக்குப் போயின. தொட்டித் தண்ணீர் அடங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து வரும் சேதி தெருவில் என்ன வேகத்தில் ஓடும் என்பதைத்தான் சித்தப்பா யோசிக்கவில்லை. சற்று நேரத்தில் கேப்பைக் கூழும் மாங்காய் ஊறுகாயும் அம்மனுக்குச் சாத்திய கண்ணாடி வளையல்களுமாகப் பெண்கள் வந்துவிட்டார்கள். சித்தி தோட்டத்திலிருந்து ஈரக்கையோடு வந்தாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"எத்தினி மாசம்மா?" என்றார் எதிர்வீட்டு அத்தை.

சித்தி 'என்னது' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாக்ஸ்கள் திரும்பி வந்துவிடும். சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தொட்டியைப் பார்த்தார்.

"இப்பத்தாங்கக்கா," என்றாள் சித்தி. "அதான் யாருகிட்டயும் சொல்லிக்கல."

எதிர்வீட்டு அத்தையே வளையல்களை அவள் கையில் போட்டுவிட்டார். கூழை அவர்கள் முன்னாலேயே சித்தி குடித்தாள். எல்லோரும் போன பிறகு சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வேற பொய்யே கெடைக்கலியா உங்களுக்கு?"

"வாயில அதான் வந்துச்சு," என்றார் அவர்.

முட்டைகள் பொரிந்தன. கொசு அளவில் குஞ்சுகள் தாயின் பின்னால் கூட்டமாகத் திரிந்தன. ஆனால் பொய்யும் கூடவே வளர்ந்தது. தெருக்குழாயில் சித்தி குடத்தைத் தூக்கினால் நாலு பேர் ஓடிவந்து பிடுங்கினார்கள். வயிறு தெரியவேண்டிய காலம் நெருங்க நெருங்க அவள் வாசலுக்கு வருவதையே நிறுத்தினாள். கடைசியில் கண்டமங்கலத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். என் அம்மா சித்தப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டாள். வாசலில் வந்து விசாரித்தவர்களுக்கு மட்டும் பதில் சொன்னாள்.

"தங்கலக்கா. கலைஞ்சிடுச்சு."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

சித்தி திரும்பி வந்தபோது கையில் அந்த வளையல்கள் இல்லை. பெண்கள் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன், யாருக்காவது சந்தேகம் வந்துவிடுமோ என்று. எதிர்வீட்டு அத்தை சித்தியின் முதுகைத் தடவி, "வுடும்மா, ஆத்தா குடுப்பா," என்றார். சித்தி அழத் தொடங்கினாள். தோள் குலுங்க, மூச்சு முட்ட அழுதாள். உண்மை தெரிந்த நானே ஒரு கணம் ஏமாந்துபோனேன். சித்திக்கு இவ்வளவு நன்றாக நடிக்க வருமா என்று எனக்கு ஒரே பெருமை.

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். சித்தி நிறுத்தவில்லை. சித்தப்பா தொட்டிப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் சித்தியின் பக்கத்தில் குந்தி, காதோடு காதாகச் சொன்னேன்.

"போதும் சித்தி. எல்லாரும் போய்ட்டாங்க."